சிபியு போச்சுன்னா எது போச்சு?

2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் ஊரைவிட்டுப் போய் நான்கைந்து நாள் இருக்கும். காலடிப்பேட்டையில் என் சர்வீஸ் கடை வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. பின்சீட்டில் ஓர் அக்கா. மடியில் ஒரு கறுப்புப் பெட்டி. கைக்குழந்தையை டாக்டரிடம் தூக்கி வருகிற மாதிரி இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தார்.

"தம்பி, சிபியு போச்சுப்பா. தண்ணி பூந்துடுச்சு."

மாணிக்கம் நகர் சப்வேக்கு அந்தப் பக்கம் சின்னதாக பிரவுசிங் சென்டர் வைத்திருப்பவர். ஜெராக்ஸ், லேமினேஷன், ஈபி பில், ஆதார் பிரின்ட், கன்டெய்னர் யார்டு வேலைக்கு பயோடேட்டா என்று அந்தத் தெருவின் பாதிக் காகிதம் அவர் கடை வழியாகத்தான் போகும். டிசம்பர் 4-ம் தேதி ராத்திரி கடைக்குள் ஒரு முழம் தண்ணீர். பிரின்டரையும் ஜெராக்ஸ் மெஷினையும் மேசைமேல் ஏற்றியவர், மேசைக்கு அடியில் இருந்த இந்தப் பெட்டியை மறந்துவிட்டார்.

"வேற எங்கயாவது காட்டினீங்களாக்கா?"

"மெயின் ரோட்ல ஒரு கடையில காட்டினேன். தொறந்துகூடப் பாக்கல. 'சிபியு போச்சு, புதுசா ஒரு செட்டு எடுத்துக்கோங்க, இதைக் குடுத்துட்டுப் போனா ஆயிரம் ரூபா கழிச்சுக்கறேன்'னாரு. குடுத்துட்டேதான் வந்திருப்பேன். பையன் பொறந்ததுலேர்ந்து எடுத்த போட்டோல்லாம் இதுலதான் இருக்கு. அதான் மனசு கேக்கல."

அவரும் "சிபியு போச்சு" என்றார். கடைக்காரரும் அதையேதான் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்தப் பெட்டிக்குள் ஏழெட்டுச் சாமான்கள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் சேர்த்து நாம் ஒரே பெயர் வைத்திருப்பதால், அதில் ஒன்று கெட்டாலும் மொத்தமும் கெட்டதாகிவிடுகிறது. வீட்டில் ஒரு பல்ப் ஃபியூஸானால் "வீடு போச்சு" என்று யாரும் சொல்வதில்லை. கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

வாட்ஸ்அப் பேக்கப் பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்களில் பாதி, "முதலில் இந்தப் பெயர்களையெல்லாம் ஒருமுறை புரியும்படி சொல்லுங்கள்" என்றுதான் கேட்டிருந்தன. அக்காவின் பெட்டியைத் திறந்த கதையைச் சொன்னால் அதுவே பாடமாகிவிடும்.

பெட்டியைத் திறந்தால்...

முதலில் அந்தப் பெட்டிக்குப் பெயர் கேபினட். தகரமும் பிளாஸ்டிக்கும்தான், வேறொன்றுமில்லை. பள்ளிக்கூடப் புத்தகத்தில் "மையச் செயலகம்" என்று படித்திருப்பீர்களே, அந்த நிஜமான சிபியு இதற்குள் இருக்கும் ஒரு சில்லு. ப்ராசஸர் என்றும் சொல்வோம். உள்ளங்கையில் வைத்தால் பிஸ்கட் அளவுகூட இருக்காது. உலகின் முதல் மைக்ரோப்ராசஸர் சில்லு என்று சொல்லப்படும் இன்டெல் 4004, 1971-ல் வந்தது. அதில் 2,300 டிரான்சிஸ்டர்கள். இன்று உங்கள் கையில் இருக்கும் போனின் ப்ராசஸரில் அது நூற்றுக்கணக்கான கோடி.

வேடிக்கை என்னவென்றால், பெட்டிக்குள் இருக்கும் சாமான்களில் கெட்டுப்போக மிகக் குறைந்த வாய்ப்புள்ளது இந்த ப்ராசஸர்தான். இருபது வருடமாக ஸ்க்ரூடிரைவர் பிடிக்கிறேன். ப்ராசஸர் தானாகச் செத்துப்போன மெஷின்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். "சிபியு போச்சு" என்பதை அதன் சரியான அர்த்தத்தில் எடுத்துக்கொண்டால், அநேகமாக எப்போதுமே அது பொய்.

பிறகு எதெல்லாம் போகும்?

கேபினட்டின் பின்பக்கம் கரன்ட் ஒயர் செருகும் இடத்தில் ஒரு சின்ன இரும்பு டப்பா இருக்கும். உள்ளே ஃபேன் ஓடும். அதுதான் எஸ்எம்பிஎஸ். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை உள்ளே இருக்கும் சாமான்கள் தாங்காது. அவற்றுக்குத் தேவை 12, 5, 3.3 வோல்ட் மட்டும். அப்படிக் குறைத்துப் பிரித்துக் கொடுக்கிற ஈபி டிரான்ஸ்பார்மர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதையும் யுபிஎஸ்ஸையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. யுபிஎஸ் வெளியே தரையில் இருப்பது, பேட்டரி உள்ளது, கரன்ட் போனதும் கத்துவது. எஸ்எம்பிஎஸ் உள்ளே இருப்பது, சத்தமில்லாமல் உயிரை விடுவது. பட்டனை அழுத்தினால் லைட்டே எரியவில்லை, ஃபேன் சத்தமே இல்லை என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். ஒன்றிரண்டு ஆயிரத்தில் முடிகிற வேலை. அதற்குப் போய்ப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

எஸ்எம்பிஎஸ், ப்ராசஸர், மற்ற எல்லாம் வந்து சேருகிற பெரிய பச்சைப் பலகை மதர்போர்டு. தாய்ப்பலகை என்று பாடப்புத்தகம் அழகாகச் சொல்கிறது. எனக்கு அந்தச் சொல் பிடிக்கும். ஆனால் கடையில் அப்படிச் சொன்னால் ஆசாரி வீட்டுக்கு வழி காட்டுவார்கள்.

காசிமேட்டு ஏலம்

மிச்சமிருக்கும் இரண்டும்தான் ஜனங்களை அதிகமாகக் குழப்புபவை. ராம், ஹார்ட் டிஸ்க். இரண்டையும் ஜிபி கணக்கில்தான் சொல்கிறார்கள். இரண்டையும் "மெமரி" என்கிறார்கள். குழப்பம் வராமல் என்ன செய்யும்?

விடியற்காலை காசிமேடு போயிருக்கிறீர்களா? விசைப்படகு கரை சேர்ந்ததும் கூடைகூடையாக மீன் ஏலத் திடலில் வந்து கொட்டப்படும். ஏலம் விடுகிறவர் நின்ற இடத்திலேயே ஒவ்வொரு கூடையாக விலை சொல்லித் தள்ளிவிடுவார். விற்காதது, நாளைக்குத் தேவைப்படுவது எல்லாம் ஐஸ் போட்டுப் பின்னால் கிடங்குக்குப் போகும்.

ஏலம் விடுகிறவர்தான் ப்ராசஸர். வேலை முழுக்க அவருடையது. ஏலத் திடல்தான் ராம். இந்த நிமிடம் கை வைக்க வேண்டியதை மட்டும் பரப்பி வைக்கிற இடம். ஐஸ் கிடங்குதான் ஹார்ட் டிஸ்க். மூட்டைமூட்டையாகச் சேர்த்து வைக்கிற இடம். ஏலம் முடிந்ததும் திடலைத் தண்ணீர் அடித்துக் கழுவிவிடுவார்கள், ஒரு செதில் மிச்சமிருக்காது. கம்ப்யூட்டரை ஆஃப் செய்தால் ராமுக்கும் அதே கதி. பாதி அடித்த பயோடேட்டா கரன்ட் போனதும் காணாமல் போகிறதே, அது திடலில் இருந்தது, இன்னும் கிடங்குக்குப் போகவில்லை. "சேவ்" பட்டனை அழுத்துவது, கூடையைக் கிடங்குக்கு அனுப்புவது.

திடல் சின்னதாக இருந்தால்? பத்துக் கூடைக்கு மேல் வைக்க இடமில்லை. பதினோராவது வேண்டுமென்றால் ஒன்றைக் கிடங்குக்குத் திருப்பி அனுப்பிவிட்டு இன்னொன்றைத் தூக்கி வர வேண்டும். ஏலக்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கூடை வருகிறவரை சும்மா நிற்பார். இதைத்தான் நாம் "சிஸ்டம் ஹேங் ஆகுது" என்கிறோம். அப்போது வேகமான ப்ராசஸர் வாங்குவது, வாயடியான இன்னொரு ஏலக்காரரைக் கூட்டி வருகிற மாதிரி. திடலைத்தான் பெரிதாக்க வேண்டும்.

உங்கள் மெஷினில் குறை திடலிலா, கிடங்கிலா என்று நீங்களே பார்க்கலாம். விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று பட்டன்களையும் சேர்த்து அழுத்துங்கள். வருகிற ஜன்னலில் பெர்ஃபார்மன்ஸ் என்ற இடத்துக்குப் போனால் சிபியு, மெமரி, டிஸ்க் என்று தனித்தனியாக சதவீதம் காட்டும். மெஷின் திணறும்போது மெமரி 90-ஐத் தாண்டி நின்றால் ராம் போதவில்லை. மெமரி பாதியில் இருக்க, டிஸ்க் மட்டும் 100-லேயே ஒட்டிக்கொண்டிருந்தால் ஹார்ட் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். இந்த எண்ணைச் சொல்லிக்கொண்டு கடைக்குள் நுழைகிறவரிடம், என்னைப் போன்றவர்கள் கொஞ்சம் ஜாக்கிரதையாகத்தான் பேசுவோம்.

ராம் வாங்கும்போது இன்னொன்று. டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 என்று தலைமுறை உண்டு. ஒன்று இன்னொன்றின் இடத்தில் பொருந்தாது. நடுவில் இருக்கும் வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். 2025 இறுதியிலிருந்து ராம் விலை ஏறிய ஏற்றம் சாதாரணமில்லை. உலகத்துக்கு ராம் சில்லு செய்து கொடுப்பவை பெரும்பாலும் மூன்றே நிறுவனங்கள்: சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான். ஏஐ சர்வர்கள் கேட்பதைச் செய்யவே அவர்களுக்கு நேரம் சரியாக இருக்கிறது. ஆகவே பழைய லேப்டாப்பில் இருக்கும் 8 ஜிபி ராமுக்கு மதிப்பு உண்டு. சர்வீஸுக்குக் கொடுக்கும்போது எத்தனை ஜிபி என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் 8 ஜிபியாகப் போனது 4 ஜிபியாகத் திரும்பி வந்த கதைகள் எங்கள் தொழிலில் உண்டு.

அக்காவின் ஹார்ட் டிஸ்க்

அக்காவின் கேபினட்டைத் திறந்தேன். உள்ளே தகரத்தில் தண்ணீர் நின்ற கோடு, சேற்று நிறத்தில் தெளிவாகத் தெரிந்தது. மதர்போர்டின் கீழ்ப்பாதி வரை. (இவருக்குப் பரவாயில்லை. அந்த வாரம் எர்ணாவூர்ப் பக்கமிருந்து வந்த பெட்டிகளில் எண்ணெயும் சேர்ந்திருந்தது. கொசஸ்தலை முகத்துவாரத்தில் கலந்த எண்ணெய், வெள்ளத்தோடு வீடுகளுக்குள் வந்திருந்தது. துடைக்கத் துடைக்க நாற்றம் போகவில்லை.)

கோடு எங்கே நின்றது என்பதுதான் விஷயம். அது பழைய மாடல் கேபினட். எஸ்எம்பிஎஸ் மேலே, ஹார்ட் டிஸ்க் நடுவுக்கு மேலே ஒரு தட்டில். தண்ணீர் அங்கே எட்டவில்லை. அதைவிட முக்கியம், வெள்ளம் வருவதற்கு முன்பே தெருவில் கரன்ட்டை நிறுத்தியிருந்தார்கள். நனைந்த பலகையைக் கொல்வது தண்ணீரைவிட, தண்ணீரோடு சேர்ந்த கரன்ட்தான்.

மதர்போர்டு அவுட். பச்சையாகப் பூத்திருந்தது. கரன்ட் இல்லாதபோதும் எப்படி என்று கேட்பீர்கள். மதர்போர்டில் ஒரு ரூபாய்க் காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032 என்று பெயர், மூன்று வோல்ட். பெட்டி ஆஃப் ஆகியிருந்தாலும் தேதியும் நேரமும் மறக்காமல் இருக்க அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரன்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஈரத்தில் நான்கு நாள் அது வேலை செய்ததில் சுற்றியிருந்த செம்பெல்லாம் அரித்துவிட்டது. தண்ணீர் புகுந்த பெட்டியில் முதலில் கழற்ற வேண்டியது இந்தக் காசைத்தான்.

இந்தக் காசு பேட்டரிக்கு இன்னொரு சேட்டை உண்டு. அது தீர்ந்துபோனால் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கம்ப்யூட்டர் ஏதோ ஒரு பழைய வருஷத்துக்குப் போய்விடும். தேதி தப்பாக இருந்தால் பேங்க் சைட்டும் ஈபி சைட்டும் "இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்று சொல்லித் திறக்க மறுக்கும். நாம் நெட் கம்பெனிக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்துக்கொண்டிருப்போம். வேலை என்னவோ சில பத்து ரூபாய்க்கு.

ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி அக்கா கையில் கொடுத்தேன். ஒரு சின்ன டிபன் பாக்ஸ் கனம். "இதுதான்க்கா உங்க கடை. மத்ததெல்லாம் வெறும் மேசை நாற்காலி."

அந்த டப்பாவுக்குள் கண்ணாடி மாதிரி பளபளக்கும் தட்டு, நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுற்றும். அதன்மேல் ஒரு சின்ன முனை, தொடாமல், தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத இடைவெளியில் மிதந்துகொண்டே எழுதும், படிக்கும். ஓடும்போது தட்டினால், சாய்த்தால், கீழே போட்டால் முனை தட்டில் உரசும். "டிக் டிக்" என்று சத்தம் வந்தால் அதுதான். உடனே ஆஃப் செய்துவிடுங்கள். ஒவ்வொரு முறை ஆன் செய்து பார்க்கும்போதும் இன்னும் கொஞ்சம் சுரண்டும். நனைந்த ஹார்ட் டிஸ்க்கும் அப்படியே. ஹேர் டிரையர் போடாதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள், மூடியைத் திறக்காதீர்கள், "ஓடுதான்னு பாத்துடலாம்" என்ற ஆசையை மட்டும் அடக்கிக்கொண்டு டேட்டா ரெக்கவரி தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

முதல் ஹார்ட் டிஸ்க்கை ஐபிஎம் கொண்டுவந்தது 1956-ல். இரண்டடி அகலத் தட்டுகள் ஐம்பது. எடை ஏறக்குறைய ஒரு டன். கொள்ளளவு 50 லட்சம் எழுத்து. இன்று உங்கள் போனில் எடுக்கும் ஒற்றைப் போட்டோவே அதில் அடங்கினால் அதிசயம். ஃபோர்க்லிஃப்ட் வைத்துத்தான் அதை ஏற்றி இறக்கினார்கள். ஹார்பரில் வேலை பார்க்கிறவர்களுக்காக ஒரு துணுக்கு: கன்டெய்னர் ஏற்றிய முதல் கப்பல் என்று எல்லோரும் சொல்லும் ஐடியல் எக்ஸ், அமெரிக்காவில் கிளம்பியதும் அதே 1956-ல்தான். சரக்கைப் பெட்டியில் போடுவதும் தகவலைத் தட்டில் போடுவதும் ஒரே வருஷத்துப் பிள்ளைகள்.

இப்போது எஸ்எஸ்டி வந்துவிட்டது. சுற்றுகிற தட்டு கிடையாது, முனை கிடையாது. பென் டிரைவ், போன் இவற்றில் இருக்கும் அதே ஜாதிச் சில்லுகள். ஐஸ் கிடங்கில் கீழே புதைந்த கூடையை எடுக்க மேலே உள்ளதையெல்லாம் நகர்த்த வேண்டியிருந்த காலம் போய், ஒவ்வொரு கூடைக்கும் தனிக் கதவு வைத்த மாதிரி. உங்கள் வீட்டில் ஏழெட்டு வருஷத்து லேப்டாப் எறும்பாய் ஊர்ந்துகொண்டிருந்தால், பழைய ஹார்ட் டிஸ்க் இடத்தில் எஸ்எஸ்டி போட்டுப் பாருங்கள். ஆன் செய்துவிட்டுக் காபி போடப் போனவர், காபிக்குப் பால் எடுப்பதற்குள் திரும்பி வர வேண்டியிருக்கும். ஒரு குறை: ஹார்ட் டிஸ்க் சாகும் முன் பெரும்பாலும் முனகும். எஸ்எஸ்டி பல நேரம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விடும். காப்பி எடுத்து வைப்பதைத் தள்ளிப்போட முடியாது.

அடிக்கடி வருகிற இன்னொரு கேள்வி: "ஒரு டிபி என்று வாங்கினேன், கம்ப்யூட்டரில் போட்டால் 931 ஜிபிதான் காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?" இல்லை. டிஸ்க் செய்கிறவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள். விண்டோஸ் 1,024, 1,024 ஆக எண்ணுகிறது. பழைய காலத்துப் படியும் இப்போதைய லிட்டரும் மாதிரி. பால் அதே பால்தான்.

போர்டா, போர்ட்டா?

கம்ப்யூட்டரே இல்லை, போன் மட்டும்தான் என்கிறீர்களா? போன் பெட்டியில் "8 + 128" என்று போட்டிருக்கும். முதலாவது ஏலத் திடல், இரண்டாவது ஐஸ் கிடங்கு. "ஸ்டோரேஜ் ஃபுல்" என்று வந்தால் கிடங்கு நிரம்பிவிட்டது, வாட்ஸ்அப் குட்மார்னிங் வீடியோக்களைத் தூக்கிப் போடுங்கள். ஒரு ஆப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போய்த் திரும்பி வந்தால் முதலாவது மறுபடி ஆரம்பத்திலிருந்து திறக்கிறது என்றால், திடல் போதவில்லை. வீடியோக்களை அழித்து அதற்குப் பிரயோஜனமில்லை. "8 ஜிபி + 8 ஜிபி விர்ச்சுவல் ராம்" என்று பெரிய எழுத்தில் போட்டு விற்கிறார்களே, அந்த இரண்டாவது 8, கிடங்கில் ஒரு மூலையில் சாக்கட்டியால் கோடு போட்டு "இதுவும் திடல்தான்" என்று சொல்வது. கிடங்கின் வேகம்தான் வரும்.

நம் ஏரியாவுக்கென்றே ஒரு தனிக் குழப்பம் இருக்கிறது. ராயபுரத்தைத் தொட்டாற்போல் சென்னைத் துறைமுகம், எண்ணூரில் காமராஜர் துறைமுகம், அதை அடுத்துக் காட்டுப்பள்ளி. பஸ்ஸில் காதை நீட்டினால் "போர்ட்" என்ற சொல் காதில் விழாத நாள் கிடையாது. போனிலும் போர்ட் உண்டு. சார்ஜர் செருகும் ஓட்டை. கப்பல் வந்து சேர்கிற இடம் போல ஒயர் வந்து சேர்கிற இடம். பிரச்னை என்னவென்றால் போனுக்குள் போர்டும் உண்டு, மதர்போர்டின் தம்பி. பேச்சில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது.

காசிமேட்டில் வலை பின்னுகிற பெரியவர் ஒருவர் போனோடு வந்தார். சார்ஜ் ஏறவில்லை. யாரோ "போர்டு போச்சு, ஆறாயிரம் ஆகும்" என்று சொல்லிவிட்டார்களாம். ஆறாயிரம் என்றால் அவருக்குப் பல நாள் வருமானம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். போர்ட்டின் உள்ளே உப்புப் பூத்து, அதன்மேல் நைலான் நூல் பிசிறு அடைத்துக் கிடந்தது. சுத்தம் செய்ததும் பாதி உயிர் வந்தது. மூன்று நான்கு பின் அரித்திருந்ததால் போர்ட்டை மட்டும் மாற்றினேன். சில நூறு ரூபாய். அந்தக் கடைக்காரர் பொய் சொன்னாரா, இல்லை "போர்ட்" என்றது பெரியவர் காதில் "போர்டு" என்று விழுந்ததா, எனக்குத் தெரியாது. அதனால்தான் யார் "போர்டு போச்சு" என்று சொன்னாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: "சார்ஜர் குத்துற இடமா, உள்ள இருக்கற பலகையா?"

கடற்கரையை ஒட்டி இருக்கிறவர்கள் ஈரக் கையோடு சார்ஜர் செருகாதீர்கள். உப்புத் தண்ணீரும் கரன்ட்டும் சேர்ந்தால் உலோகத்தை அரிக்கும். மெல்லிய பின்கள் அதிக நாள் தாங்காது. நனைந்த போனை அரிசியில் புதைத்து வைப்பதும் வேண்டாம். ஆப்பிள் நிறுவனமே 2024-ல் அப்படிச் செய்யாதீர்கள் என்று எழுதிவிட்டது. அரிசித் துகள் உள்ளே போய் உட்காரும். துணியில் துடைத்து, ஓட்டை கீழ்நோக்கி இருக்கும்படி காற்றில் வைத்தால் போதும்.

ராம் பட்டையின் அடியில் மஞ்சளாக மின்னுவது தங்க முலாம்தான். தங்கம் அரிக்காது என்பதால் பூசுகிறார்கள். ஆனால் அது செருகப்படும் இடத்தில் அழுக்கும் உப்புக் காற்றும் படியும். ஆன் செய்ததும் "பீப் பீப்" சத்தம், திரையில் ஒன்றும் வராது என்றால், கரன்ட்டை முழுக்க எடுத்துவிட்டு ராமைக் கழற்றி, பள்ளிக்கூடப் பிள்ளையின் ரப்பரால் அந்த மஞ்சள் ஓரத்தை மெல்லத் தேய்த்துத் திருப்பிப் போட்டால் பல தடவை பிழைத்துக்கொள்ளும். ராயபுரத்திலிருந்து வரும் பத்தில் நான்கு "செத்த" மெஷின்களுக்கு நான் செய்யும் வைத்தியம் இதுதான். ரப்பரின் விலை ஐந்து ரூபாய் என்பதைக் கஸ்டமரிடம் சொல்வதில்லை.

தூசியும் உண்டு. ஒரு காலத்தில் ராயபுரத்தில் மொட்டை மாடியில் வெள்ளைத் துணி காயப்போட்டால் சாயங்காலம் கறுப்புப் பொட்டு வைத்துக்கொண்டு வரும். நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 2011-ல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நின்று, அது எண்ணூருக்குப் போனது. துணிக்கு விடிவு வந்தது, எண்ணூர்க்காரர்கள் துணிக்கு வந்ததா என்று அவர்களைக் கேளுங்கள். அங்கிருந்து வரும் மெஷின்களில் ப்ராசஸர்மேல் இருக்கும் ஃபேனைத் திறந்தால் உள்ளே கறுப்புக் கம்பளி விரித்த மாதிரி இருக்கும். காற்று போக வழியில்லாமல் சூடேறினால் ப்ராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். "வைரஸ் வந்துடுச்சு போல, ஸ்லோவா இருக்கு" என்பார்கள். பெயின்ட் பிரஷ்ஷும் ஊதுகிற பம்ப்பும்தான் அதற்கு ஆன்ட்டி வைரஸ். வருஷத்துக்கு இரண்டு தடவை.

கழித்துக் கொடுப்பதற்கு முன்

அந்த மெயின் ரோடு கடைக்காரர் ஆயிரம் ரூபாய் கழித்துக்கொள்கிறேன் என்றாரே, அது கருணையில் அல்ல. ப்ராசஸர், ராம், ஹார்ட் டிஸ்க், எஸ்எம்பிஎஸ் நான்கும் நல்ல நிலையில் அவருக்குக் கிடைத்திருக்கும். அதைக்கூட வியாபாரம் என்று விட்டுவிடலாம். அந்த ஹார்ட் டிஸ்க்கில் அக்காவின் கடைக்குப் பதினொரு வருஷமாக வந்துபோனவர்களின் ஆதார், பான், ரேஷன் கார்டு, டிசி ஸ்கேன்கள் இருந்தன. கப்பல் வேலைக்குப் போன பையன்களின் பாஸ்போர்ட் பக்கங்கள் இருந்தன. ஒரு தெருவே அதில் இருந்தது. பெட்டியைக் கொடுத்தால் இவ்வளவும் சேர்த்துக் கொடுக்கிறோம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அவரைப் பொறுத்தவரை அது சிபியு.

டெலிட் செய்தால் போய்விடும், ஃபார்மட் அடித்தால் போய்விடும் என்று நினைக்காதீர்கள். சாதாரண ஃபார்மட் என்பது புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழிப்பது. பக்கங்கள் அப்படியே இருக்கும். தெரிந்தவர்கள் திரும்ப எடுத்துவிடுவார்கள். விற்கிறீர்களா, எக்ஸ்சேஞ்ச் போடுகிறீர்களா, டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். கழற்றத் தெரியாவிட்டால் கண்ணெதிரே கழற்றித் தரச் சொல்லுங்கள். நான்கு ஸ்க்ரூதான்.

மிச்சமுள்ள மதர்போர்டையும் ஒயரையும் காயலான் கடைக்கு எடைக்குப் போடாதீர்கள். ஒயரைக் கொளுத்திச் செம்பு எடுக்கும் அந்தப் புகை நாற்றம் வட சென்னையில் யாருக்கும் புதிதல்ல. நம் பிள்ளைகள்தான் அதைச் சுவாசிக்கிறார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் மின்கழிவு விதிகளின்படி, விற்ற கம்பெனிகளுக்கே பழையதைச் சேகரித்து முறையாக அழிக்கும் பொறுப்பு உண்டு. கம்பெனியின் இணையதளத்தில் அதற்கான இடம் இருக்கும், கேட்டு வாங்குங்கள்.

அக்காவுக்குப் பழைய ப்ராசஸருக்குப் பொருந்தும் செகண்ட் ஹேண்ட் மதர்போர்டு ஒன்று ரிச்சி ஸ்ட்ரீட்டில் தேடிப் பிடித்தேன். ராம் அவருடையதே. எஸ்எம்பிஎஸ் அவருடையதே. ஹார்ட் டிஸ்க்கை முதலில் தனியாக என் மெஷினில் மாட்டி எல்லாவற்றையும் இன்னொரு டிஸ்க்குக்குக் காப்பி எடுத்தேன். அதற்கே ஒரு ராத்திரி ஆயிற்று. காலையில் அக்கா வந்தபோது ஒரு ஃபோல்டரைத் திறந்து காட்டினேன். துண்டில் சுற்றிய கைக்குழந்தை, பின்னால் ஆஸ்பத்திரியின் பச்சைச் சுவர். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இவன் இப்ப எட்டாவது படிக்கிறான், தம்பி. போட்டோ எடுக்கவே விடமாட்டான்" என்றார்.

பில்லை எழுதும்போது ஒவ்வொரு சாமானாகச் சொல்லிக்கொண்டே எழுதினேன். அவரும் கூடவே சொல்லிப் பார்த்தார். மதர்போர்டு. எஸ்எம்பிஎஸ். ராம். ஹார்ட் டிஸ்க். பெட்டிக்கு வந்ததும் நின்றார்.

"இது இன்னான்னு சொன்ன?"

"கேபினட்டுக்கா."

"அது கெடக்கட்டும், கஸ்டமர்கிட்ட நான் சிபியுன்னே சொல்லிக்கறேன். கேபினட்னா பீரோ வாங்கிட்டேன்னு நெனைப்பாங்க. மெக்கானிக்குகிட்ட மட்டும் கேபினட்."

ஆட்டோவில் ஏறியவர், பெட்டியைப் பக்கத்து சீட்டில் வைத்துவிட்டு, ஹார்ட் டிஸ்க்கின் காப்பியை மட்டும் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார்.